இண்டிகேட்டர் குச்சி

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் இண்டிகேட்டர் குச்சியைத் தள்ளினால் நிற்காது, உடனே பழைய இடத்துக்கு வந்துவிடும். வளைந்து முடிக்கிறவரை விரலால் பிடித்துக்கொண்டே ஓட்ட வேண்டும். ஹெட்லைட்டும் அதே சுவிட்சில்தான். அதற்கு மனசு வந்தால் எரியும். எருமப்பட்டியிலிருந்து நாமக்கல் வரை அப்படியே ஓட்டிப் போய் மெக்கானிக்கிடம் காட்டினேன். பழைய வண்டி, பார்ட்ஸ் வரவில்லை என்றார். அடுத்த மாதமும் அதையே சொன்னார். சேலத்தில் சொல்லி வைத்திருக்கிறேன் என்றபோது என் முகத்தைப் பார்க்கவில்லை. விடாமல் கேட்டேன்.

“உங்க பையன் போன் பண்ணிச் சொல்லிப்போட்டாருங்கம்மா. சரி பண்ணிக் குடுக்க வேண்டாம்னு.”

எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அறுபதைத் தாண்டியவள் கார் ஓட்டக் கூடாது என்று பெங்களூரில் உட்கார்ந்துகொண்டு முடிவு செய்திருக்கிறான். அதை என்னிடம் சொல்லத் தைரியமில்லை. அவனைப் பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனதும் இதே கார்தான், ஓட்டியதும் நான்தான். இனி தோட்டத்துக்கும் சந்தைக்கும் போக அடுத்தவர் தயவுக்குக் காத்துக் கிடக்க வேண்டுமா? முடியாது.

காரை வாசலில் நிறுத்தி, பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஸ்டியரிங்குக்குக் கீழே இருந்த மூடியைத் திறந்தேன். போனில் யாரோ இந்தியில் விளக்கிய வீடியோ. பேச்சு புரியாவிட்டாலும் அவர் கையைப் பார்த்துச் செய்தேன். சுவிட்சின் செம்பு முனைகளில் கரி பிடித்திருந்தது. உப்புத்தாளால் தேய்த்தேன். குச்சியைப் பிடித்து நிறுத்தும் குட்டி ஸ்பிரிங் துருவேறி உடைந்திருந்தது. பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்கை அளவாக வெட்டி வைத்தேன். மூடியைத் தப்பாக மாட்டியதில் ஹாரன் வயர் நசுங்கி, பேட்டரியை இணைத்ததும் ஹாரன் விடாமல் அலறியது. பக்கத்துக் கோழிப்பண்ணைக்காரர், கோழியெல்லாம் மிரளுகிறது என்று திட்டிக்கொண்டே ஓடி வந்தார். திட்டட்டும் என்று மறுபடி கழற்றினேன். சாயங்காலம், தள்ளிய இடத்தில் குச்சி நின்றது. வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து விளக்குகளைப் பார்த்தேன். அவ்வளவு சந்தோஷம்.

தீபாவளிக்கு வந்த மகனை அழைக்க நாமக்கல் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். இண்டிகேட்டர் போட்டு ஓரங்கட்டினேன். விட்டுவிட்டு எரியும் விளக்கையே பார்த்துக்கொண்டு நின்றான். யார் சரி பண்ணியது என்று கேட்டான். நான்தான் என்றேன். பையைப் பின் சீட்டில் போட்டுவிட்டு வந்து நான் உட்கார்ந்திருந்த டிரைவர் பக்கத்துக் கதவைத் திறந்தான்.

“எறங்குங்கம்மா, நான் ஓட்டறேன்.”

“அந்தப் பக்கம் போய் ஏறு சாமி.”

சுற்றிப் போய் ஏறினான். பெல்ட் போடச் சொன்னேன்.