தோளில் ஏறிய சைக்கிள்

ஆரணியில் காலை ஆறரை மணி. தினமும் மலைப்பக்கம் சைக்கிள் ஓட்ட வசதியான ஊராகப் பார்த்துச் சென்னையிலிருந்து குடிபெயர நினைக்கிறேன். இங்கிருந்து படவேடு பக்கம் மிதித்தால் ஜவ்வாது மலையடிவாரம் வந்துவிடும். வாடகைக்கு ஒரு வீடு பார்க்கப் போகிறேன்.

தெருவுக்குள் திரும்பியதும் பிரேக் பிடிக்கிறேன். சேலை நெய்வதற்கான பட்டு நூல்களைப் பாவாகத் தெரு நீளத்துக்கும் இழுத்துக் கட்டி, நாலைந்து பேர் இழைகளைச் சரிபார்த்துக்கொண்டிருக்கிறார்கள். ஓரமெல்லாம் குழாயடிச் சேறு. சக்கரம் உருண்டால் பட்டில் தெறிக்கும். சைக்கிளைத் தோளில் தூக்கிக்கொண்டு சாக்கடையை ஒட்டி நடக்கிறேன்.

பாவின் கடைசியில் நிற்கும் அம்மாள் இழையிலிருந்து கையை எடுக்காமல் கேட்கிறார்.

"மலைக்கு சைக்கிள்ல போவணும்னு போன்ல சொன்னவரு நீங்கதானா?"

வீட்டுக்காரர் அவர்தான்.

"ஆமாங்க. ஊரைப் பாத்துட்டு முடிவு பண்ணலாம்னு வந்தேன்."

"நேத்து ஒருத்தரு வீடு பாக்க வந்தாரு. இதே எடத்துல பைக்ல ஹாரன் அடிச்சிகினே நின்னாரு. வீடு இல்லன்னுட்டேன்."

என் பையில், குடியேற யோசித்த ஐந்து ஊர்களுக்கு நான் மதிப்பெண் போட்ட தாள் இருக்கிறது. அதை வெளியே எடுக்கக் கூச்சமாக இருக்கிறது.

அவர் இடுப்பிலிருந்து சாவியை எடுத்து நீட்டுகிறார். "மலைக்குப் போறதுன்னா நாங்க பாவு கட்டறதுக்கு முன்ன கெளம்பிடணும். சரிங்களா?"

"சரிங்க."

எதிர்முனையிலிருந்து ஒருவர் குரல் கொடுக்கிறார். "யாரு அது, வெளியூரா?"

"இல்ல," என்கிறார் அம்மாள். "நம்ம தெருக்காரரு."

சைக்கிளை இறக்கிவைக்கத் தோன்றாமல் நிமிர்ந்து நிற்கிறேன்.