நார்மல் என்று நான் குத்திய முத்திரை

எங்கள் தெரு வியாபாரிகள் சங்கத்தின் தலைவர் பொய் சொன்னார். இருதய முகாமில் எடுத்த ஈசிஜி தாள்கள் எல்லாவற்றையும் பெரிய டாக்டர் பார்த்துவிட்டார் என்று மைக்கில் சொன்னார். ஒரு தாளைக்கூட எந்த டாக்டரும் பார்க்கவில்லை. எனக்கு எப்படித் தெரியும் என்றால், அந்தத் தாள்களில் 'நார்மல்' என்று முத்திரை குத்தியவன் நான்தான். நான் டாக்டர் இல்லை. ஆரியசாலையில் சாக்கும் சணல் கயிறும் விற்கிறவன்.

சங்கத்தில் எனக்குத் துணைச் செயலாளர் பதவி. கூட்டம் நடந்தால் நாற்காலி எடுத்துப் போடுவது, முடிந்தால் மடக்கி வைப்பது, இவ்வளவுதான் வேலை. அந்த வருடம் எங்கள் பக்கத்தில் இரண்டு கடைக்காரர்கள் கல்லாவில் உட்கார்ந்தபடியே இறந்துபோனார்கள். பயம் பிடித்துக்கொண்டது. தலைவர் முகாம் வைக்கலாம் என்றார். நல்ல யோசனை. அதில் நான் குற்றம் சொல்லவில்லை.

கடைகள் மூடியிருக்கும் ஞாயிற்றுக்கிழமை, சங்கத்து ஹாலில் முகாம். பெரிய டாக்டர் ஒருவர் வந்து குத்துவிளக்கு ஏற்றினார். பொன்னாடை போட்டோம். நன்றாகப் பேசினார், அதையும் சொல்லத்தான் வேண்டும். இருதயம் மூடிய கை அளவுதான், உள்ளே நாலு அறை, வலப்பக்கம் ரத்தத்தை நுரையீரலுக்குத் தள்ளும், இடப்பக்கம் உடம்புக்கெல்லாம் தள்ளும் என்றார். ஒன்று எனக்கு அன்றுதான் தெரிந்தது. இருதயத்தின் உள்ளே அவ்வளவு ரத்தம் போய் வந்தாலும், அந்தத் தசை அதிலிருந்து எடுத்துக்கொள்ளாதாம். அதன் மேல்புறத்தில் ஓடுகிற மெல்லிய குழாய்கள் வழியாகத்தான் அதற்கு ரத்தம் வர வேண்டுமாம். அந்தக் குழாய் அடைத்தால் தசை பட்டினியில் சாகுமாம்.

பேசி முடித்துவிட்டு, நெய்யாற்றின்கரையில் ஒரு கல்யாணம் என்று கிளம்பினார். போகும்போது தலைவரிடம், "தாள்களையெல்லாம் சேர்த்து வீட்டுக்கு அனுப்பி வையுங்கள், ராத்திரி பார்த்து எழுதித் தருகிறேன்" என்றார். பக்கத்தில் நான் நின்றிருந்தேன்.

அப்படி நடந்திருந்தால் இதை நான் எழுத வேண்டியிருக்காது. ஆனால் எங்கள் தெரு ஆட்களை எனக்குத் தெரியும். சரக்கு ஏற்றினால் சீட்டு கையில் வந்தாக வேண்டும். சீட்டு இல்லாமல் ஒருவனும் நகரமாட்டான். ஈசிஜி எடுத்துச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தவர்கள் எல்லோரும் என் மேஜை முன்னால் நின்றார்கள்.

"சீட்டு எங்கடே?"

"டாக்டர் பாத்துட்டு நாளைக்குத் தருவாரு."

"நாளைக்கா? நாளைக்கு எவன் கடையை விட்டுட்டு வருவான்?"

தலைவர் இரண்டு ரப்பர் முத்திரை செய்து வைத்திருந்தார். ஒன்றில் 'நார்மல்'. மற்றதில் 'டாக்டரைப் பார்க்கவும்'. டாக்டர் பார்த்துச் சொன்ன பிறகு குத்துவதற்காகச் செய்தது. கூட்டம் சத்தம் போட ஆரம்பித்ததும் அவர் என்னிடம் வந்தார்.

"எடே, நார்மலை எடுத்துக் குத்திக் கொடு. ஆளுக கலையட்டும்."

"பாக்காம எப்படி அண்ணாச்சி?"

"எந்தா, நீ நாடி பிடிக்கப் போறியா? எல்லாம் நடந்து வந்தவங்கதானே. ஏதாச்சும் இருந்தா டாக்டர் சொல்வாரு, அப்புறம் திருத்திக்கலாம். குத்துடே."

குத்தினேன். முத்திரை விழுந்த தாளை அவரவர் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போனார்கள். பிறகு டாக்டருக்கு அனுப்ப என்ன இருக்கிறது? ஒன்றும் இல்லை. இது அப்போதே எனக்குத் தெரியும். தலைவருக்கும் தெரியும்.

என் அண்ணனும் வந்தார். என் கடைக்கு எதிரே பாத்திரக்கடை அவருடையது. பித்தளையும் எவர்சில்வரும் எடைக்கு விற்கிற கடை. அவருடைய தாளை எந்திரத்திலிருந்து கிழித்த, ஈசிஜி எடுக்க வந்திருந்த லேப் பெண் அதையே கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு என் மேஜைக்கே கொண்டுவந்து, டாக்டர் ஒரு தடவை பார்க்க வேண்டும் என்று மலையாளத்தில் சொன்னாள்.

"சேட்டா, இது டாக்டர் ஒண்ணு நோக்கணும் கேட்டோ."

தலைவர் வடைத்தட்டோடு பக்கத்தில்தான் இருந்தார். சிரித்தார்.

"இவரையா? மோளே, இவரு ஒத்தை ஆளா அண்டாவைத் தூக்கி லாரியில ஏத்தறவரு. உன் மெஷினை நோக்கச் சொல்லு."

அண்ணனும் சேர்ந்துகொண்டார். "என் நெஞ்சுல முடி அதிகம் மோளே. வயரு ஒட்டியிருக்காது."

எல்லோரும் சிரித்தார்கள். அந்தப் பெண் சிரிக்கவில்லை. திரும்பிப் போய் அடுத்த ஆளுக்கு வயர் மாட்டினாள். நான் அண்ணனின் தாளில் நார்மல் என்று குத்தினேன். நன்றாக அழுத்திக் குத்தினேன், அவர் அண்ணன் என்பதால்.

மாலையில் தலைவர் மைக்கைப் பிடித்தார். "எல்லாத் தாளையும் சார் பாத்தாச்சு. நம்ம தெரு நூத்துக்கு நூறு நார்மல்." கை தட்டினார்கள். நானும் தட்டினேன்.

எங்கள் தெருவில் முத்திரை விழுந்த காகிதம் எதுவும் அலமாரிக்குள் போகாது. சுவருக்குப் போகும். லைசன்ஸ், வரி ரசீது, தராசுக்கு வருடா வருடம் சீல் வைத்ததற்கான சான்றிதழ், எல்லாம் சாமி படத்துக்குக் கீழே வரிசையாகத் தொங்கும். அதிகாரி வந்தால் கையை நீட்டிக் காட்டினால் போதும். ஈசிஜி தாளும் அங்கேதான் போனது. முதலில் லேமினேட் செய்யக் கொடுத்த சீனிக்கடைக்காரரின் தாள் சூட்டில் முழுக்கக் கறுத்துவிட்டது. அந்தத் தாளின் குணம் அப்படி என்று யாருக்குத் தெரியும்? அதற்குப் பிறகு வந்தவர்கள் ஜெராக்ஸ் எடுத்து அதை லேமினேட் செய்தார்கள். சீனிக்கடைக்காரர் தன் தம்பியின் தாளை ஜெராக்ஸ் எடுத்து மாட்டிக்கொண்டார். கேட்டதற்கு, "ரெண்டும் ஒரே ரத்தம்தானடே" என்றார்.

அண்ணன் தன் தாளைத் தராசு சான்றிதழுக்குப் பக்கத்தில் ஆணியடித்து மாட்டினார். "தராசுக்கும் சீல் வச்சாச்சு, எனக்கும் வச்சாச்சு. இனி அடுத்த வருஷம்" என்று வருகிறவர்களிடமெல்லாம் சொன்னார். வேடிக்கைக்குச் சொல்வதாக நினைத்தேன். அவர் நம்பித்தான் சொன்னார். தெருவே அப்படித்தான் நம்பியது. சீல் வைத்த தராசு ஒரு வருடம் சரியாக நிறுக்கும். சீல் வைத்த நெஞ்சு ஒரு வருடம் ஓடும்.

ஏழு வாரம் ஓடியது. ஒரு செவ்வாய்க்கிழமை, பன்னிரண்டு மணி இருக்கும். கடைப் பையன் ஓடிவந்து கூப்பிட்டான். அண்ணன் தராசுக்குப் பக்கத்தில் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். தட்டில் நிறுத்த பித்தளை உருளி அப்படியே இருந்தது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. நெஞ்சு வலி என்று அவர் சொல்லவில்லை. மேல்வயிற்றில் அடைக்கிறது, தாடை இழுக்கிறது என்றார்.

"வாயுடே. காலையில புட்டும் பயறும் பப்படமும் கொஞ்சம் அதிகம்."

"ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திடலாம்ணே."

அவர் சுவரைக் காட்டினார். "அதுல என்ன போட்டிருக்கு? வாசி."

அந்த நேரத்தில் நான் சொல்லியிருக்கலாம். அண்ணே, அதை எவனும் பார்க்கவில்லை, நான் சும்மா குத்தியது என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம். பக்கத்துக் கடைக்காரர்கள் நாலு பேர் நின்றிருந்தார்கள். அவர்கள் கடையிலும் அதே தாள் தொங்கியது. நான் வாயைத் திறக்கவில்லை. இன்னொன்றும் உண்டு. ஏழு வாரம் அந்தத் தாளைப் பார்த்துப் பார்த்து எனக்கே கொஞ்சம் நம்பிக்கை வந்திருந்தது.

"நார்மல்னு போட்டிருக்கு" என்றேன்.

"பின்னே?" என்றார்.

எலுமிச்சை பிழிந்து உப்புப் போட்ட நாரங்காச் சோடா வாங்கிக் கொடுத்தேன். குடித்தார். ஏப்பம் வந்ததும் குறைந்தது என்றார். பிறகு மறுபடி வேர்த்தது. இன்னொரு சோடா. இப்படியே நாலு மணி ஆனது. வழக்கமாக ஒரு மணிக்குச் சாப்பிட வீட்டுக்குப் போகிறவர் அன்று போகவில்லை. போனில் கேட்டதற்கு வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டார். அதனால் மதினி கிழக்கேகோட்டை வீட்டிலிருந்து சோற்றுப் பாத்திரத்தோடு கடைக்கே வந்துவிட்டாள். அவர் முகத்தைப் பார்த்தாள். பாத்திரத்தைக் கீழே வைத்தாள்.

"தம்பி, ஆட்டோ பிடிங்க."

"வாயுதான் மதினி. அந்தப் பேப்பர்ல..."

"பேப்பரை நீங்க வச்சுக்கிடுங்க. மூஞ்சியைப் பாருங்க."

ஆட்டோ பிடித்தேன். போகும்போது சுவரிலிருந்து அந்தத் தாளைக் கழற்றி எடுத்துக்கொண்டேன். டாக்டர்களுக்கு உதவும் என்று நினைத்தேன். எனக்கு அவ்வளவுதான் புத்தி.

ஆஸ்பத்திரியில் கை மணிக்கட்டு வழியாகக் குழாய் விட்டு அடைப்பைத் திறந்தார்கள். முடித்துவிட்டு வெளியே வந்த டாக்டரம்மா வயதில் எங்களை விடச் சின்னவர். ஒரு சீட்டின் பின்பக்கம் இருதயத்தை வரைந்தார். முன்பக்கமாக இறங்குகிற பெரிய குழாயை வரைந்தார். அது அடைத்த இடத்துக்குக் கீழே முழுக்கக் குறுக்குக் கோடு போட்டார். இவ்வளவு தசை செத்துவிட்டது என்றார். தோல் கிழிந்தால் வளரும், எலும்பு உடைந்தால் கூடும், இருதயத் தசை செத்தால் திரும்ப வராது, அந்த இடம் வெறும் தழும்பாகிவிடும் என்றார். மிச்சம் இருக்கிறதுதான் எல்லா வேலையையும் செய்ய வேண்டும். மதியமே வந்திருந்தால் இதில் நிறையப் பிழைத்திருக்கும் என்றார்.

நான் அந்தத் தாளை நீட்டினேன். வாங்கிப் பார்த்தார். கண்ணாடியை ஏற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இது ஆரா நோக்கியது?"

யார் பார்த்தது என்று கேட்டார். அவர் பேனாவை வைத்துக் காட்டினார். ஒவ்வொரு துடிப்பின் கூரான கோட்டுக்குப் பின்னாலும் ஒரு சின்ன மேடு வர வேண்டுமாம். அண்ணனின் தாளில், நெஞ்சின் முன்பக்கத்து வரிகளில், அந்த மேடு கவிழ்ந்து பள்ளமாக இருந்தது. காட்டிய பிறகு எனக்கே தெரிந்தது. குழாய் அடைக்கப்போகிறது என்பதற்கான அடையாளம், அந்த வாரமே இங்கே அனுப்பியிருக்க வேண்டும் என்றார்.

"அப்ப கடைச் சுவர்ல மாட்டியிருக்கிற மத்தவங்க தாள் நல்லா இருந்தா பயமில்லைதானே டாக்டர்?" என்று கேட்டேன்.

"ஓடற பஸ்ஸை ஒரு போட்டோ எடுத்தா பிரேக் இருக்கான்னு தெரியுமோ?" என்றார். படுத்திருக்கும்போது எடுத்த தாள் அந்த நேரத்தை மட்டும்தான் சொல்லும், நல்ல தாளை வைத்திருந்த ஆள் அன்று சாயங்காலமே விழலாம், அதைச் சுவரில் மாட்டுகிறவர்களை இப்போதுதான் பார்க்கிறேன் என்றார்.

அண்ணன் சாகவில்லை. இப்போது வீட்டில் இருக்கிறார். மல்லாந்து படுக்க முடியாது. படுத்தால் காலில் தேங்கிய நீர் மேலே வருகிறது, அதைத் தள்ள இருதயத்துக்குத் தெம்பு இல்லை, நுரையீரலில் நிற்கிறது. மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூக்கம். கணுக்காலில் விரலை அழுத்தினால் குழி விழுந்து அப்படியே நிற்கிறது. காலையில் ஒரு பாட்டிலில் தண்ணீர் ஊற்றி வைப்பாள் மதினி. ராத்திரி வரை அவ்வளவுதான். அண்டாவைத் தூக்கிய மனுஷர், குளியலறைக்குப் போகும் வழியில் சுவரைப் பிடித்து ஒரு தடவை நிற்கிறார். கடையை மதினி பார்க்கிறாள்.

அவரிடம் சொன்னேன். நானே குத்தியது, யாரும் பார்க்கவில்லை என்று. மூச்சு வாங்கிக்கொண்டுதான் பேச முடியும்.

"தராசுக்குச் சீல் வைக்க வர்றவன்கூட," என்றார், "எடைக்கல்லைத் தூக்கி வச்சுப் பாப்பான்டே."

அதன் பிறகு எட்டு நாள் என்னோடு பேசவில்லை.

ஒன்பதாம் நாள் தலைவர் கடைக்குப் போனேன். தாள்களை யாரும் பார்க்கவில்லை என்று எல்லோரையும் கூப்பிட்டுச் சொல்லுங்கள் என்றேன். அவர் காப்பிக்குச் சொல்லியனுப்பினார்.

"குத்தினது உன் கைதானே?"

"என் கைதான். அதையும் சேர்த்தே சொல்லுங்க."

"அடுத்த மாசம் திரும்பக் கேம்ப் வருது. இப்ப இதைக் கிளறினா தெரு மொத்தமும் பயந்து ஆஸ்பத்திரிக்கு ஓடும்."

"ஓடட்டுமே அண்ணாச்சி. அதுக்குத்தானே கேம்ப்?"

அவர் கணக்குப்பிள்ளையைக் கூப்பிட்டு வேறு ஏதோ பேச ஆரம்பித்தார். காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

நானே கடை கடையாக ஏறினேன். தாளைக் கழற்றுங்கள், ஒழுங்காகப் போய்ப் பரிசோதித்துக்கொள்ளுங்கள் என்றேன். ஒருவர் கழற்றினார். இரண்டு பேர், அண்ணனுக்கு வந்துவிட்ட ஆத்திரத்தில் பேசுகிறேன் என்றார்கள். சீனிக்கடைக்காரர், தம்பியின் இருதயத்தைச் சுவரில் மாட்டியிருக்கிறவர், தன் கடைப் படி ஏறி வந்து மூச்சு வாங்கிக்கொண்டே சொன்னார்: "பெரிய டாக்டர் பாத்ததுன்னு தலைவர் மைக்கில சொன்னதுடே. அவரு இல்லைன்னு சொல்லட்டும், கழட்டறேன்."

அதனால்தான் எழுதுகிறேன். நான் சொன்னால் அந்தத் தாள்கள் சுவரிலிருந்து இறங்காது. இந்த மாதம் பொதுக்குழு இருக்கிறது. அந்த இரண்டு முத்திரைகளும் என்னிடம்தான் இருக்கின்றன. 'டாக்டரைப் பார்க்கவும்' என்பதில் இன்றுவரை மை படவில்லை. இரண்டையும் மேஜையில் வைத்துவிட்டு நான் முதலில் எழுந்து, குத்தியது நான் என்று சொல்லப்போகிறேன். திட்டட்டும், சங்கத்திலிருந்து நீக்கட்டும். அது முடிந்ததும் தலைவர் எழுந்திருக்க வேண்டும். கடைக்குள் கூப்பிட்டுக் காப்பி கொடுத்து அல்ல, அதே ஹாலில், அதே மைக்கில், தாள் மாட்டியிருக்கிற அத்தனை பேருக்கும் முன்னால் பதில் சொல்ல வேண்டும்: அந்தத் தாள்களைப் பார்த்தது யார்?