ஈவானுக்கு ஒரு செய்தி

வடகோடியில், எங்கள் பேரிங் கடற்கரையில் தெக்லாவின் முகத்தைப் பார்த்தவர்களைவிட அவள் குரலைக் கேட்டவர்கள்தான் அதிகம். கோயிலை ஒட்டியிருந்த கத்தோலிக்க வானொலி நிலையத்தில் அவள் எங்கள் யூப்பிக் மொழியில் வானிலை வாசிப்பாள். சாயங்காலம் ஜெபமாலை சொல்வாள். நடுவில் செய்தி நேரம். ஓர் ஊருக்கு ஒரு தொலைபேசி இருந்தாலே பெரிது என்ற காலம். யாருக்கு எதைச் சொல்ல வேண்டுமானாலும் ஜனங்கள் நிலையத்துக்குத்தான் சொல்லி அனுப்புவார்கள்.

“அலோய்சியாவுக்கு: குழந்தை பொறந்தாச்சு, பையன், மூக்கு மட்டும் உங்க மாமனார் மூக்கு.” “வாஸ்காவுக்கு: ரம்பத்த எடுத்துட்டுப் போனது நீதான்னு தெரியும். ஞாயித்துக்கிழமைக்குள்ள கொண்டாந்துரு.”

தெக்லா யூகான் ஆற்று முகத்துவாரத்தில் பிறந்தவள். அவள் படித்த மிஷன் பள்ளியில் யூப்பிக் பேசிய பிள்ளைகளை மூலையில் முட்டி போட வைப்பார்கள். பிற்பாடு நிலையத்தை நடத்திய பாதர் கேஸ்பர் அவளைக் கூப்பிட்டு, யூப்பிக்கில் வாசிக்க ஆள் வேண்டும் என்றபோது அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. “முட்டி போட்டுக்கிட்டு வாசிக்கணுமா பாதர், உக்காந்துக்கிட்டா?” என்று கேட்டாள். பாதர் தலைகுனிந்து நாற்காலியை இழுத்துப் போட்டார்.

ஒரு மார்ச் மாதம் அவள் மகள் ரீட்டா கூடைப்பந்துப் போட்டிக்காகக் குயிகாக் ஊருக்குப் போயிருந்தாள். திரும்பி வரவேண்டிய விமானம் மூடுபனியால் கிளம்பவில்லை. அங்கே வந்திருந்த ஈவான், “நான் பனிவண்டியில கூட்டிட்டு வந்துர்றேன்” என்று தன் மோட்டார் பனிவண்டியின் பின்னால் கட்டிய சறுக்குவண்டியில் அவளை உட்கார வைத்துக் கிளம்பிவிட்டான். ஈவான் தெக்லாவின் அத்தை மகன். அத்தை மகனும் மாமன் மகளும் ஒருவரையொருவர் கிண்டல் செய்யாமல் விட்டால் ஏதோ மனஸ்தாபம் என்று எங்கள் ஜனங்கள் நினைப்பார்கள். இவர்கள் இருவருக்கும் அந்தக் குறையே கிடையாது.

பிற்பகலில்தான் காற்று கூடும் என்று காலையில் தெக்லாவே வாசித்திருந்தாள். காற்று முன்னாலேயே வந்துவிட்டது. மதியத்துக்குள் ஜன்னலுக்கு வெளியே கோயில் மணிக்கூண்டு தெரியவில்லை. வண்டியும் வரவில்லை. அவள் கணவன் பாஸ்கல் தேடப்போகும் ஆட்களோடு பள்ளிக்கூடத்தில் காத்திருந்தான். காற்று விடும்வரை யாரும் வெளியே போகக்கூடாது என்று போலீஸ்காரர் சொல்லிவிட்டார். நிலையத்துக்கும் ஒரு வரி சொல்லி அனுப்பினார்: பயணிகள் இருக்கும் இடத்திலேயே இருக்கவும்.

தெக்லா அதை இரண்டு மொழியிலும் வாசித்தாள். ஆனால் ஈவானை உட்கார வைப்பது லேசில்லை. ஒருமுறை வண்டி பழுதானபோது புயலிலேயே நடந்து வந்து சேர்ந்தவன். அதையே இன்னும் பெருமையாகச் சொல்லித் திரிகிறவன். இப்போது கரை எது, கடல்மேல் உறைந்த பனி எது என்று கண்ணுக்குத் தெரியாது. பிள்ளையைக் கூட்டிக்கொண்டு நடந்தால் பனி பிளந்த இடத்தில் நேராகத் தண்ணீருக்குள் போய்விடுவான்.

“அவங்ககிட்ட ரேடியோ இருக்கா?” என்று பாதர் கேட்டார்.

“ரீட்டாகிட்ட சின்னது ஒண்ணு உண்டு. எடுத்துட்டுப் போனாளான்னு தெரியல, பாதர்.”

புயலில் வழி தவறாமலிருக்கக் கட்டியிருந்த கயிற்றைப் பிடித்துக்கொண்டு எதிர்வீடான தன் வீட்டுக்குப் போய்ப் பார்த்தாள். ரீட்டாவின் தலையணைக்கடியில் இல்லை. அலமாரியிலும் இல்லை. ஆனால் அதை யாருக்காவது இரவல் கொடுப்பது அவள் வழக்கம். போர்வையை உதறினாள், பெட்டியைக் கவிழ்த்தாள். கிடைத்துவிடக்கூடாதே என்று வேண்டிக்கொண்டே தேடினாள்.

திரும்பி வந்து ஒலிவாங்கியின் முன் உட்கார்ந்தாள்.

“ஈவானுக்கு ஒரு செய்தி. யோவ், கேக்குதா? வழி தெரியாம நீ மாட்டிக்கிட்டது இப்ப கரை பூரா தெரிஞ்சுபோச்சு. மானம் போயாச்சு. இனிமே ஓடிவந்து காப்பாத்துறதுக்கு ஒண்ணுமில்ல, அதனால உக்காரு. சறுக்குவண்டியக் கவுத்துப்போட்டு, சுத்தி பனிய வெட்டி அடுக்கிட்டு உள்ள போ. நடந்தே வந்துருவேன்னு கிளம்பினே, உன் பொண்டாட்டிக்கு இப்பவே வேற மாப்பிள்ள பாப்பேன். குயிகாக்குல ரெண்டு பேரு ரெடியா இருக்கான், ரெண்டு பேருக்கும் உன்னவிட பல்லு அதிகம்.”

மூச்சு வாங்கிக்கொண்டாள். “ரீட்டா, ஈவான் பெரியப்பா எழுந்திரிச்சா காலக் கட்டிக்கிட்டு உக்காந்துக்கோ. ஈரக் காலுறைய மாத்திடு. ரெண்டு பேரும் சேந்தாப்புல தூங்கிடாதீங்க.”

அன்று முழுவதும், மறுநாள் முழுவதும், பாட்டுக்கும் செய்திக்கும் நடுவே அவள் ஈவானைத் திட்டிக்கொண்டே இருந்தாள். மறுபக்கத்திலிருந்து ஒரு சத்தமும் வராது. தன் குரல் பிள்ளையின் காதில் விழுகிறதா, வெறும் பனியில் விழுகிறதா, எதுவும் தெரியாது. சிரித்த குரலில் பேசிவிட்டு விசையை அணைத்ததும் எழுந்து ஜன்னலுக்குப் போவாள். பாஸ்கல் வந்து அறைவாசலில் நின்றான். “காத்து கொஞ்சம் கொறஞ்ச மாதிரி இருக்கு. நான் போறேன்” என்றான்.

“கொறையல. நான்தானே வானிலை வாசிக்கிறேன். உன்னையும் சேத்துத் திட்ட எனக்குத் தெம்பு இல்ல. உக்காரு.”

அவன் உட்கார்ந்தான். அவள் கொடுத்த தேநீர் அவன் கையிலேயே ஆறியது.

இரண்டாம் நாள் சாயங்காலம் ஜெபமாலை நேரம். “வேற யாராவது சொல்லட்டுமே, தெக்லா” என்றார் பாதர். அவள் கேட்கவில்லை. முதல் சில மணிகள் நன்றாகத்தான் போயின. பிறகு, “இப்பொழுதும் எங்கள்” என்ற இடத்தில் குரல் நின்றுவிட்டது. அடுத்த சொல் மரணம். மகள் கேட்டுக்கொண்டிருந்தால் என்ன நினைப்பாள்? வாயைத் திறந்தாள், வரவில்லை. கரை முழுக்க வீடுகளில் முட்டி போட்டிருந்தவர்கள் அந்த மௌனத்தைக் கேட்டார்கள். தெக்லாவுக்குத் தகவல் வந்துவிட்டது என்றே பலர் நினைத்தார்கள். சிலர் அழத் தொடங்கிவிட்டார்கள். பாதர் குனிந்து அவள் தோளுக்கு மேலிருந்து அந்த வாக்கியத்தை முடித்து வைத்தார்.

மறுநாள் காலையில் காற்று விட்டது. தேடல் விமானம் குயிகாக்குக்கு இந்தப் பக்கம், ஒரு மேட்டின் மறைவில், கவிழ்ந்த சறுக்குவண்டியைக் கண்டது. ரீட்டாவின் ஒரு கன்னம் குளிரில் உறைந்து வெளுத்திருந்தது, அவ்வளவுதான். ஈவானுக்கு ஒரு காலில் விரல்நுனிகள் போயின.

ஆஸ்பத்திரியில் ரீட்டா கஞ்சியைக் குடித்துக்கொண்டே சொன்னாள்: “மொத நாளே பெரியப்பா நடக்கலாம்னு என்னை அவரோட சேத்துக் கட்டக் கயிறு எடுத்துட்டாரும்மா. அப்பதான் நீ திட்டினே. அவரும் பதிலுக்குத் திட்டிட்டே உள்ள வந்துட்டாரு. குளிர்ல ரேடியோ பேட்டரி செத்துப்போச்சு. அவர் அதக் கக்கத்துல வச்சு சூடு பண்ணிப் பண்ணிப் போட்டாரு. கொஞ்ச நேரம்தான் கேக்கும்.” பிறகு கேட்டாள், “ஜெபமாலையில ஏன் நிறுத்தினே?”

“தொண்ட கட்டிருச்சு.”

“நாங்க அந்த எடத்த சத்தமா சொல்லிக்கிட்டோம். நீ மறந்துட்டேன்னு பெரியப்பா சிரிச்சாரு.”

தெக்லா கிண்ணத்தை வாங்கி இன்னும் கொஞ்சம் கஞ்சி ஊற்றினாள். அந்த வாரச் செய்திகளில் ஈவானுடையதும் ஒன்று. தன் வாயாலேயே வாசித்தாள்: “தெக்லாவுக்கு: விரல் உறைஞ்சது குளிர்ல இல்ல, உன் குரலக் கேட்டு. பொண்டாட்டி இன்னும் என்கிட்டதான் இருக்கா.”

அதற்குப் பிறகும் அவள் பல வருஷம் வாசித்தாள். ஆனால் காற்றின் வேகத்தை ஒருமுறை சொல்லி விட்டுவிட அவளால் முடியவில்லை. இரண்டு முறை, சில நாள் மூன்று முறை சொல்வாள். ரீட்டா படிக்க ஆங்கரேஜ் நகரத்துக்குப் போனபின், கடற்கரை ஊர்களின் வானிலையோடு ஆங்கரேஜ் குளிரையும் சேர்த்து வாசிக்க ஆரம்பித்தாள். இந்த வானொலி அந்த ஊருக்கு எட்டாது.

“அது நமக்கு எதுக்கு, தெக்லா? அங்க யாரும் பனிவண்டியிலயா போறாங்க?” என்று கோயில் வாசலில் பெண்கள் கேலி செய்தார்கள்.

“அங்க ரோட்டுல கார் வழுக்குமாம்” என்றாள் தெக்லா.