குன்றுக்குப் பின்னால் நிற்பவள்

அந்த பாலே நடனத்தில் எனக்குக் கிடைத்தது வேடிக்கை பார்க்கிறவளின் வேஷம். இதைப் போய் பெருமையாகச் சொல்கிறாளே என்று சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும்.

அப்போது நான் கொழும்பில் ஒரு துணிக்கடையில் வேலை செய்துகொண்டு ஞாயிற்றுக்கிழமைகளில் பரதம் படித்தேன். வகுப்பைப் பார்க்க வந்த சிங்கள அம்மா ஒருவர் என்னைத் தன் நடனக் குழுவில் சேர்த்துக்கொண்டார். பழைய பாரசீகக் கவிதைகளையும் அந்தக் காலத்துச் சிற்றோவியங்களையும் வைத்து ஒரு புதிய பாலே செய்துகொண்டிருந்தார் அவர். தோட்டத்துக்குள்ளே ஒருத்தி, மதிலுக்கு வெளியே அவளுக்காக உருகும் ஒருவன். உள்ளே போக அவன் படும் பாட்டைப் பார்த்தபோது, எங்கள் ரப்பர் தோட்டத்தைவிட்டு வெளியே வர நான் பட்ட பாடு நினைவுக்கு வந்து சிரித்துவிட்டேன்.

ஓவியங்களின் பிரதிகளைத் தரையில் பரப்பிக் காட்டினார். ஏறக்குறைய எல்லாவற்றிலும் குன்றுக்குப் பின்னால் யாராவது எட்டிப் பார்த்துக்கொண்டு, வியப்பில் உதட்டில் விரல் வைத்திருந்தார்கள். தூரத்தில் நிற்கிறவர்களைச் சிறிதாக வரையும் வழக்கம் இதில் இல்லை, ராஜாவும் எட்டிப் பார்க்கிறவளும் ஒரே அளவுதான் என்றார் அவர். எனக்கு அது போதுமாக இருந்தது.

முதல் ஒத்திகையில் என்னை வியந்து பார்க்கச் சொன்னார்கள். என் விரல் தானாக மூக்குக்குப் போய்விட்டது. என் அம்மாவும், எங்கள் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துப் பெண்களும் வியந்தால் அப்படித்தான். குழு முழுவதும் சிரித்தது. அவரும் சிரித்துவிட்டு, அதை மாற்ற வேண்டாம், அது உன்னுடையது என்றார். பலகைக் குன்றுக்குப் பின்னால் என் இடத்தில் சாக்கட்டியால் ஒரு கோடும் போட்டுக் கொடுத்தார்.

அம்மா ஒரே ஒரு தடவை அதைப் பார்த்துவிட வேண்டும். அதுதான் என் ஆசை. எந்த பஸ்ஸில் ஏற வேண்டும், நான் எங்கே நிற்பேன் என்றெல்லாம் தொலைபேசியில் சொல்லி வைத்திருந்தேன். மேடையேறும் நாள் நெருங்கியபோது அம்மா ரப்பர் பால் வெட்டும் மலையிலேயே மயங்கி விழுந்தாள். வலது கையும் காலும் விளங்காமல் போயின. அவளுக்கு என்னைவிட்டால் யாரும் இல்லை. வீட்டில் ஒருவராவது தோட்டத்தில் பேர் பதிந்து வேலை செய்தால்தான் லயத்துக் காம்பிரா, நாங்கள் இருந்த அந்த ஒற்றை அறை, எங்களுக்கு நிலைக்கும் என்று கங்காணி வந்து சொன்னார். அம்மாவின் பேர் இருந்த இடத்தில் என் பேரைப் பதிந்தேன். குழுவிலிருந்து கொஞ்ச காலம் அழைப்பு வந்தது. பிறகு நின்றுவிட்டது. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன்.

போன வருஷம் ஒரு நாள், காலையில் பட்டை கீறிவிட்ட ரப்பர் மரங்களில் பால் எடுத்துக்கொண்டிருந்தபோது, கித்துல்கல ரோட்டு வளைவில் ஒரு வேன் வந்து நின்றது. ஆற்றில் படகு விளையாட வருகிறவர்கள் என்றுதான் நினைத்தேன். பிறகு எங்கள் பாலேயின் இசை கேட்டது. வாளியோடு மேட்டுக்குப் பின்னால் பதுங்கினேன்.

அவர்களேதான். ரப்பர் மரங்களுக்கிடையே ஆடி வீடியோ எடுத்தார்கள். சிறிய மேடு ஒன்றுக்குப் பின்னால், என் இடத்தில், வேறொருத்தி நின்றாள். அவள் விரல் உதட்டில் இருந்தது. எனக்குக் கொடுத்ததைத் துடைத்துப்போட்டுவிட்டார்கள்.

என்ன நினைத்தேனோ தெரியவில்லை, மறைவைவிட்டு எழுந்து நின்றேன். கேமராக்காரர் என்னைப் பார்த்தார்.

"நங்கி, பொட்டக் அயின் வெனவத?"

தங்கச்சி, கொஞ்சம் விலகுறீங்களா என்று மரியாதையாகத்தான் கேட்டார். குழுவை நடத்தும் அந்தச் சிங்கள அம்மாவும் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். தலையில் கட்டிய துணி, பால் காய்ந்து கறுத்த சட்டை, கையில் வாளி. தெரியாதவர்களிடம் சிரிப்பதைப் போல அழகாகச் சிரித்தார். என் பேரைச் சொல்லியிருக்கலாம். விலகினேன். பால் நிறுத்துக் கொடுக்கும் ஸ்டோருக்குப் போகும் வழியெல்லாம் அழுதேன்.

வீட்டில் அம்மாவுக்குச் சோறு ஊட்டும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை. யாரோ எவரோ போல, ரோட்டோரம் ஒரு கூட்டம் வந்து ஆடியதைச் சொன்னேன். பட்டுச் சட்டை போட்டிருந்தார்கள், இசைகூட நன்றாக இருந்தது என்றேன்.

அம்மா இடது கையை மெதுவாகத் தூக்கி, விரலை மூக்கில் வைத்தாள்.

"ஏம் புள்ள, நீ ஆடலயா?"

"இல்லம்மா. கையில பால் வாளி இருந்திச்சு."

அடுத்த கவளத்தை நீட்டினேன். அம்மா வாய் திறக்கவில்லை. மூக்கில் வைத்த விரலை எடுக்காமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.