ஐந்தாவது மாடி, இடது பக்கம்

அடையாறில் நான் படித்த பிரெஞ்சு வகுப்பில் என் பக்கத்து இருக்கைக்காரர் அவர். ஐம்பதைத் தாண்டியவர். கழுத்தில் மாதா சுரூபம் கோத்த கறுப்புக் கயிறு. சும்மா இருக்கும்போதெல்லாம் நோட்டின் கடைசிப் பக்கத்தில் ஒரே கட்டடத்தை வரைந்துகொண்டிருப்பார்.

ஒருநாள், வீடு எந்த மாடியில் எந்தப் பக்கம் என்று சொல்லும் பாடம். நாங்கள் தரைத்தளம், முதல் மாடி என்று முடித்துக்கொண்டோம். அவர் மட்டும் ஐந்தாவது மாடி, இடது பக்கம், கடைசிக் கதவு என்று பிரெஞ்சில் நிதானமாகச் சொன்னார். மயிலாப்பூரில் அவர் இருப்பது ஓட்டு வீடு என்று எங்களுக்குத் தெரியும். சிரித்துவிட்டோம். அடுத்த வகுப்பில் குடை எங்கே என்று டீச்சர் கேட்டதற்கும் அதே பதில்.

அன்று படியிறங்கும்போது, "அது யார் வீடு சார்?" என்றேன்.

"பொண்ணு வீடு தம்பி. அவளப் பாரிசுல கட்டிக் கொடுத்தேன். ரெண்டு மாசமா போன் எடுக்கல, லெட்டரும் இல்ல. கீழ ரொட்டிக் கடை நம்பர் இருக்கு. மேல போய்க் கதவத் தட்டிப் பாருங்கன்னு அவங்களக் கேக்கணும்."

கேட்க வேண்டிய பிரெஞ்சு வாக்கியத்தைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டும் அவர் நகரவில்லை.

"பொண்ணு கதவத் தெறந்தான்னா எப்படிச் சொல்வாங்க? தெறக்கலன்னா எப்படி? ரெண்டையும் எழுது தம்பி. காதுல விழுந்தா புரியணும்ல."

எழுதினேன். ஒன்றின் கீழ் ஒன்றாக, இரண்டு வரி.

அதற்குப் பிறகு அவர் வகுப்புக்கு வரவேயில்லை. அந்த இரண்டு வரிகளில் எது அவர் காதில் விழுந்தது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.