பெரிய லென்ஸுக்கு ரெட் டேக்

இன்னும் கோபம் ஆறவில்லை. ஆறுவதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன். ஆறிய பிறகு எழுதினால் நானே எல்லாரையும் மன்னித்துவிடுவேன்... அந்தக் கெட்ட பழக்கம் எனக்கு உண்டு.

"மேடம், ஜப்பான் போய்ட்டு வந்துட்டீங்களே... கொக்குப் படம் எங்க மேடம்?" — போன வாரம் காய்கறிக் கடையில் ஒரு வாசகி பிடித்துக்கொண்டார். கேட்காமல் என்ன செய்வார்? போவதற்கு முன்னால் இந்தப் பத்தியிலேயே வாரக்கணக்கில் தம்பட்டம் அடித்தவள் நான்தானே! தக்காளி பொறுக்குவதுபோல் குனிந்துகொண்டேன்.

எங்கே என்று இன்றைக்குச் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் மகள் நிவேதா ஜப்பானின் வடக்குத் தீவான ஹொக்கைடோவில் வேலை பார்க்கிறாள். வருகிற ஏப்ரலில் ஒப்பந்தம் முடிந்து ஊருக்கே திரும்பிவிடுவாள். "நான் இங்க இருக்கறப்பவே வந்துரும்மா, பனியில கொக்கு டான்ஸ் ஆடும். நீதான பாக்கணும்னு சொல்லிட்டே இருப்ப!" என்று கூப்பிட்டாள்.

கொக்கு என்றால் நம் வயலில் ஒற்றைக் காலில் நிற்குமே, அது இல்லை. கிட்டத்தட்ட என் உயரம் இருக்கும். வெள்ளை உடம்பு, கறுப்புக் கழுத்து, உச்சந்தலையில் மட்டும் குங்குமம் வைத்ததுபோல் சிவப்பு. ஜோடி ஜோடியாக எதிரெதிரே நின்று குதிக்கும், குனியும், தலையை அண்ணாந்து ஒன்றாகக் கூவும். அந்தக் கூவல் மூச்சு குளிரில் புகையாக எழும்பும். அந்தப் புகையோடு ஒரு படம். எனக்கு வேண்டியது அவ்வளவுதான். இதற்காகப் பல வருடங்கள் ஏங்கியிருக்கிறேன்.

சரி, எந்த லென்ஸை எடுத்துப் போவது? கேமரா வைத்திருப்பவர்களுக்குத் தெரியும்... விசா வாங்குவதைவிட இதுதான் கஷ்டம். விமானத்துக்குள் கொண்டு போகும் பைக்கு ஏழு கிலோதான். எல்லா லென்ஸையும் கட்டிலில் பரப்பி வைத்துக்கொண்டு ஒரு வாரம் யோசித்தேன். மலையையும் வானத்தையும் ஒரே படத்தில் அடக்கும் வைடு லென்ஸ்... போட்டேன், எடுத்தேன். முகங்களுக்கான ஐம்பது எம்.எம். லென்ஸ்... போட்டேன், எடுத்தேன். பூ, பூச்சி எல்லாம் எடுக்க மேக்ரோ. உத்தனப்பள்ளியில் எங்கள் அப்பா வீட்டு ரோஜாத் தோட்டத்தில் பாதி நாட்கள் அதோடுதான் திரிந்திருக்கிறேன். ஆனால் பனியில் எந்த ரோஜா பூக்கப் போகிறது? அதையும் எடுத்து வைத்தேன்.

கடைசியில் இரண்டே இரண்டு. கேமராவோடு வந்த சாதாரண லென்ஸ் ஒன்று. தூரத்துப் பறவையைப் பக்கத்தில் கொண்டுவந்து நிறுத்தும் பெரிய லென்ஸ் ஒன்று. இரண்டு கிலோ கனம். இந்தப் பத்தி எழுதி வந்த காசில் நான் வாங்கியது. மற்றதெல்லாம் இல்லாவிட்டாலும் சமாளிக்கலாம், இது இல்லாவிட்டால் போவதே வீண். பையில் அதை நடுவில் படுக்கவைத்து, சுற்றிலும் கம்பளி வைத்து ஜிப்பை இழுத்தபோது எனக்கு ஒரு நிம்மதி வந்தது பாருங்கள்... அதுதான் என்னைக் கெடுத்தது.

இப்போது என் வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

அவர் கோவில்பட்டிக்காரர். ஓசூர் தொழிற்பேட்டையில் கார் பாகம் செய்யும் கம்பெனி ஒன்றில் குவாலிட்டி டிபார்ட்மென்ட். நல்ல மனிதர். ஆனால் ஃபைவ் எஸ் பிடித்த மனிதர். ஓசூரில் பாதி வீடுகளில் இந்த வியாதி இருப்பதால் பலருக்கு விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்கு... இது ஜப்பானிலிருந்து நம் ஃபேக்டரிகளுக்கு வந்த ஒழுங்குமுறை. முதல் பாடமே, தேவையானதையும் தேவையில்லாததையும் பிரிப்பது. ரொம்ப நாளாகப் பயன்படாத பொருளுக்குச் சிவப்பு அட்டை கட்டி ஓரம்கட்டிவிடுவார்கள். அதுதான் ரெட் டேக்.

ஃபேக்டரியில் செய்யட்டும், யார் வேண்டாம் என்றது? இவர் வீட்டுக்குக் கொண்டு வந்தார். சமையலறைச் சுவரில் கரண்டி, ஜல்லிக்கரண்டி, பூரிக்கட்டை எல்லாவற்றுக்கும் பெயின்டில் உருவம் வரைந்து வைத்திருக்கிறார். எது எங்கே தொங்க வேண்டும் என்று எனக்குத் தெரிய வேண்டுமாம்! இருபது வருடத்துக்கு மேல் அந்தக் கரண்டியைப் பிடித்தவள் நான்.

ஜப்பான் போவதில் என்னைவிட அவருக்குத்தான் குஷி. "ஃபைவ் எஸ் பொறந்த ஊரு!" என்று கும்பிடாத குறை. புறப்பட்ட அன்று காரில் ஏறினோம். கர்நாடக எல்லை ஜூஜுவாடியில் வழக்கம்போல் லாரிக் கூட்டம், வண்டி ஊர்ந்தது.

"ஏங்க, எல்லாப் பையும் ஒரு தடவை பாத்தாச்சா?" என்று கேட்டேன்.

"ஃபைனல் இன்ஸ்பெக்‌ஷன் நானே முடிச்சுட்டேன். நீ நிம்மதியா வா" என்றார்.

நானும் நிம்மதியாகத்தான் போனேன். "வெயிட்டா இருக்கு, நான் தூக்குதேன்" என்று கேமரா பையை ஏர்போர்ட் முழுக்க அவரே சுமந்தார். எவ்வளவு அன்பு என்று நினைத்தேன். கேமராவும் சாதாரண லென்ஸும் என் கழுத்தில். சார்ஜர், பேட்டரி எல்லாம் பையின் முன் ஜிப்பில். நானே அடுக்கிய பையை நான் ஏன் திறந்து பார்க்க வேண்டும்?

கொக்குகள் வரும் வயலுக்குக் காலையிலேயே போய்விட்டோம். நிவேதா முன்னால் ஓடினாள். முழங்கால் வரை பனி. ஒரு வேலி... அதற்கு அப்பால் யாரும் போகக் கூடாது. வேலிக்கு அந்தப் பக்கம், வெகு தூரத்தில், வந்தே வந்துவிட்டன. ஒரு ஜோடி எதிரெதிரே நின்று இறக்கையை விரித்தது. எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. கையுறையைக் கழற்றி எறிந்துவிட்டுப் பையைத் திறந்தேன்.

உள்ளே மூன்று லென்ஸ்கள் இருந்தன. வைடு. ஐம்பது எம்.எம். மேக்ரோ. கம்பளிக்குள் அழகாக, அளவெடுத்ததுபோல் அடுக்கி வைத்திருந்தது.

"எங்கங்க என் பெரிய லென்ஸு?"

"அதுவா... வீட்ல பீரோல பத்திரமா இருக்கு. ரெட் டேக் போட்டு வச்சுட்டேன்."

"என்னாது?"

"ஒரு வருசமா நீ அதத் தொடவே இல்லைல்லா? தேவையில்லாத ஐட்டம். அந்த ஒண்ணோட வெயிட்டுக்கு மூணு போட்டிருக்கேன் பாரு! கிலோ கூடவுமில்ல, கொறையவுமில்ல" என்றார். முகத்தில் பெருமை வேறு. கம்பெனியில் பரிசு வாங்கும்போது வருமே, அதே முகம்.

நான் மூன்று மொழியும் கலந்து புழங்கும் ஓசூர்ப் பக்கத்து உத்தனப்பள்ளிக்காரி. கோபம் வந்தால் எனக்கு முதலில் கன்னடம் வரும், அப்புறம் தெலுங்கு, தமிழ் கடைசியில்தான். அந்த ஹொக்கைடோ பனி மூன்றையும் கேட்டது. பக்கத்தில் நின்ற ஜப்பான்காரர்கள் மரியாதையாக இரண்டு அடி தள்ளி நின்றுகொண்டார்கள்.

"சொல்லாம கொள்ளாம எப்பிடிங்க எடுப்பீங்க? இதுக்குத்தான நான் இந்தக் குளிருல வந்து நின்னுக்கினு இருக்கறேன்? பனியில மேக்ரோவ வச்சிக்கினு எந்த எறும்ப எடுக்கச் சொல்றீங்க?"

"இப்ப என்ன, என் போன்ல ஜூம் இருக்குல்லா..."

அந்தப் போனில் எடுத்தும் பார்த்தார். இரண்டு கொக்கும் சேர்ந்து கரைத்து ஊற்றிய கூழாக வந்தன.

நிவேதா என் தோளைத் தொட்டாள். "அம்மா, விடும்மா... நல்லதுன்னு நெனச்சுத்தான செஞ்சாரு. அப்பா பாவம்."

பாவம்! இந்தச் சொல் ஏன் எப்போதும் தப்பு செய்தவருக்கே போய்ச் சேர்கிறது? லென்ஸ் இல்லாமல் விறைத்த விரலோடு நிற்பவள் பாவம் இல்லையா? ஒரு வார்த்தை கேட்டிருந்தால்... "இத எடுத்துரட்டுமா?" என்று ஒரே ஒரு வார்த்தை! தன் கம்பெனியில் ஒரு ஸ்பானரை இடம் மாற்ற மூன்று பேரிடம் கையெழுத்து வாங்குகிறவர், என் பையில் கை வைக்க என்னிடம் கேட்கவில்லை.

"அடுத்த தடவை எடுத்துக்கலாம்" என்றார்கள் அப்பாவும் மகளும், ஒரே குரலில்.

எந்த அடுத்த தடவை? ஏப்ரலில் மகள் திரும்பிவிடுகிறாள். அப்புறம் அந்தத் தீவில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? இந்த ஒரு முறை கிளம்புவதற்கே மாமியாரைப் பார்த்துக்கொள்ள நாத்தனாரிடம் எத்தனை தூது, எத்தனை கெஞ்சல்! பெண்களிடம் "அடுத்த தடவை" என்று சொல்வது ரொம்பச் சுலபம். அதை ஏற்பாடு செய்ய வேண்டியவளும் அவளேதானே.

கழுத்தில் தொங்கிய சாதாரண லென்ஸிலேயே சில படங்கள் எடுத்தேன். எடுக்காமல் இருக்கவும் முடியவில்லை. கொக்குகள் பாட்டுக்கு ஆடின, கூவின, மூச்சு புகையாக எழும்பியது. நான் கண்ணால் பார்த்தேன். "கண்ணால் பார்த்ததே போதுமே" என்று யாராவது ஆறுதல் கடிதம் எழுதிவிடாதீர்கள். போதாது.

ஊர் திரும்பும் வழியெல்லாம் ஒன்றையே யோசித்துக்கொண்டு வந்தேன். "ஒரு வருசமா தொடவே இல்லை" என்றாரே... உண்மைதான். ஏன் தொடவில்லை? மாமியார் வழுக்கி விழுந்து இடுப்பு எலும்பு முறிந்து படுத்திருந்த வருடம் அது. குளிப்பாட்டியது யார்? ஞாயிற்றுக்கிழமைகளில் கெலவரப்பள்ளி அணைக்குப் போய்ப் பறவை பார்ப்பதுதான் எனக்கிருந்த ஒரே ஓய்வு. அதுவும் நின்றது. எப்போதாவது தப்பித்து வெறுங்கையோடு எட்டிப் பார்த்த நாளிலும் ஆற்றில் கழிவுநீர் நுரை பொங்கி நின்றது, பறவையைக் காணோம். லென்ஸ் பீரோவிலேயே கிடந்தது. அது பயன்படாத பொருளா, பயன்படுத்த நேரம் கொடுக்கப்படாத பொருளா? இரண்டுக்கும் வித்தியாசம் தெரியாதவர் எப்படி இத்தனை வருடம் குவாலிட்டி பார்த்தார்?

உங்கள் வீட்டிலும் இருக்கும், பாருங்கள். அம்மாவின் தையல் மிஷின் மேல் டிவி உட்கார்ந்திருக்கும். அக்கா ஆசையாக எடுத்த டிரைவிங் லைசென்ஸ் காலாவதியாகி இருக்கும். "அவதான் உபயோகிக்கறதே இல்லையே!" என்பார்கள். எப்படி உபயோகிப்பாள்? காலையிலிருந்து உங்களையெல்லாம் கிளப்பிவிட்டு, சாயங்காலம் உங்களுக்கெல்லாம் கதவு திறந்துவிட்டு... நடுவில் மிச்சமிருக்கும் நேரத்தில் அவள் எந்த ஊருக்குக் கார் ஓட்டிப் போவாள்?

ஆனால் எங்கள் மாடியில் ஒரு டிரெட்மில் இருக்கிறது. அவருடையது. வாங்கிய வாரம் ஓடியதோடு சரி, இப்போது அதில் துண்டு காய்கிறது. அதற்கு ஏன் ரெட் டேக் இல்லை என்று கேட்டேன்.

"அது... உபயோகிப்பேம்லா" என்றார்.

கேட்டீர்களா? அவருடைய பொருளுக்கு எதிர்காலம் உண்டு. என்னுடையதற்குக் கடந்த காலம் மட்டும்தான்.

மன்னிப்புக் கேட்டார், இல்லையென்று சொல்லவில்லை. பில்டர் காபி போட்டுக் கொடுத்தார். சிவப்பு அட்டையைத் தானே அவிழ்த்து லென்ஸைத் துடைத்துக் கையில் தந்தார். கெலவரப்பள்ளிக்கு வாரா வாரம் தானே கூட்டிப் போவதாகச் சத்தியமும் செய்தார். செய்யட்டும். கெலவரப்பள்ளியில் பனி பெய்யாது, அந்தக் கொக்கும் வராது.

நான் ஒன்று செய்தேன். அங்கே எடுத்த படங்களில் ஒன்றை ஸ்டுடியோவில் கொடுத்து, அவர்களிடம் இருப்பதிலேயே பெரிய சைஸில் பிரிண்ட் போட்டு, நல்ல சட்டமும் போட்டு ஹாலில் டிவிக்கு மேலே மாட்டிவிட்டேன். படம் முழுக்க வெள்ளை. நடுவில் எங்கேயோ மிளகை உடைத்துத் தூவியதுபோல் நாலைந்து புள்ளிகள்.

வருகிறவர்கள் அதன் முன்னால் நிற்காமல் போவதில்லை. முந்தாநாள் அவருடைய ஊர்க்கார நண்பர் ஒருவர் வந்தார், அதே கம்பெனிதான். படத்தைக் கொஞ்ச நேரம் உற்றுப் பார்த்துவிட்டு, "என்னண்ணே இது, தூத்துக்குடி உப்பளமா?" என்றார்.

"இல்லப்பா... கொக்கு. ஜப்பான் கொக்கு."

"கொக்கா? எங்கண்ணே?"

இவர் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறி நின்று, விரலை வைத்து, "இந்தா... இது ஒண்ணு. அங்கன பாரு, அது ஒண்ணு" என்று காட்டினார். "இவ்ளோ தூரத்துலயா எடுக்கது? பெரிய லென்ஸு கொண்டு போகலையா மதினி?" என்று நண்பர் என்னைப் பார்த்துக் கேட்டார். "உங்க அண்ணனக் கேளுங்க" என்றேன்.

அவர் போனதும் இவர் மெதுவாக வந்தார். "அந்தப் படத்தக் கழட்டிருவமா?"

முடியாது. வருகிறவர்களுக்குக் காபி கொடுப்பது என் பொறுப்பு, கொக்கைக் காட்டுவது அவர் பொறுப்பு.