எலியாஸ் கேட்ட கடைசி வரிசை

மாதனூர் பக்கம் ஒரு ஷூ கம்பெனியில் ஏழாம் நம்பர் பஸ் ஓட்டுகிறார் எலியாஸ். இருபத்தைந்து வருஷமாக அவர் பக்கத்தில் யாரும் உட்கார்ந்ததில்லை. டிரைவர் சீட்டு ஒற்றைச் சீட்டு. கம்பெனி கொடுத்த சீட்டு அவருக்குப் போதாமல் போனபோது, ஆம்பூரில் வண்டி சீட்டு தைக்கிற குர்ஷித் பாய் இரண்டு பக்கமும் நாலு விரல் அகலம் கூட்டி, கம்பெனியில் கழித்துப் போட்ட கறுப்புத் தோலில் உறை தைத்துக் கொடுத்தார். அந்த சீட்டில் வேறு டிரைவர் யாராவது உட்கார்ந்தால் தொட்டிலில் போட்ட குழந்தை மாதிரி இருக்கும்.

நான் அதே கம்பெனியில் டைம் ஆபீசில் இருந்தவன். எந்த பஸ் எத்தனை மணிக்கு கேட்டுக்குள் வந்தது என்று எழுதுவது என் வேலை. எலியாஸ் பஸ் தாமதமாக வந்ததாக நான் எழுதியது அபூர்வம். எழுதிய நாட்களில் ஒன்று பாலாற்றில் வெள்ளம், மற்றவை ரயில்வே கேட். ஓய்வு பெற்ற பிறகு அவர் தெருவிலேயே வீடு பார்த்துக் குடிவந்தேன். நேரம் தவறாத மனிதர் பக்கத்தில் இருப்பது எனக்கு ஒரு நிம்மதி.

பெரிய உடம்பு அவருக்கு. சிறு வயதில் தோல் லாரியில் கிளீனராக இருந்தபோதே அப்படித்தான் என்பார்கள். ஆஸ்பத்திரி எடை மெஷினில் ஏற மாட்டார். ரொம்பத் தெரிய வேண்டுமானால் பழைய தோல் மண்டித் தராசில், தோல் கட்டு வைக்கும் பலகையில் ஏறி நிற்பார். கடைசியாக நின்றபோது நூற்று முப்பத்திரண்டு கிலோ. மண்டிக்காரர், தோல் கட்டுக்குக் கேட்பது போலவே, "எலியாஸு, உப்பு போட்ட எடையா, கழுவின எடையா?" என்று கேட்டாராம். இதை என்னிடம் சொல்லிச் சிரித்ததும் எலியாஸ்தான்.

அவர் பஸ்ஸில் ஒரு வழக்கம் உண்டு. ஷூ கம்பெனியில் வேலை செய்கிறவர்கள் முக்கால்வாசி பெண்கள். மூன்று பேர் சீட்டில் மூன்று பேரும் உட்கார்ந்தே ஆக வேண்டும், இல்லாவிட்டால் பின்னால் ஏறுகிறவர்கள் நிற்க வேண்டிவரும். யார் எங்கே என்பதை எலியாஸ் கண்ணாடியில் பார்த்தே சொல்வார். "சுந்தரி, நீ நடுவுல போ. ஷர்மிளா, நீ ஓரத்துக்கு வா, ஒரு கால வெளியில போட்டுக்கோ." ஒல்லியானவர் நடுவில், கனத்தவர்கள் ஓரத்தில். அப்போதும் தோள் இடித்தால், நடுவில் இருப்பவர் முன்னால் தள்ளி உட்கார வேண்டும், ஓரத்தில் இருப்பவர்கள் முதுகைச் சாய்த்துக்கொள்ள வேண்டும். பாதி வழியில் மாற்றிக்கொள்ள வேண்டும். "முன்ன ஒருத்தர், பின்ன ஒருத்தர்" என்பார். அவர் பஸ்ஸில் இடத்துக்காகச் சண்டை வந்து நான் கேள்விப்பட்டதில்லை.

"அண்ணே, எங்கள மட்டும் அடுக்குறீங்களே, உங்க பக்கத்துல யார உக்கார வைக்கிறது?" என்று சுந்தரி ஒருநாள் கேட்டாள்.

"எனக்கு கியர் ராடு இருக்குதும்மா. அது ஒண்ணுதான் இடிக்குதுன்னு சொல்லாது."

இப்படிப்பட்டவரின் ஒரே மகள் ஃபீபி. வேலூரில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். அங்கேயே லேபில் வேலை பார்த்த ஷில்லாங் பையன் கிட்போக் என்பவனைக் கல்யாணம் செய்துகொள்வதாகச் சொன்னாள். இரண்டு வீட்டிலும் சம்மதம். பையனின் அம்மாவால் நடக்க முடியாது என்பதால், கல்யாணம் ஷில்லாங் சர்ச்சில், விருந்து பிறகு மாதனூரில் என்று முடிவாயிற்று. ஃபீபி பத்து நாள் முன்னதாகவே போய்விட்டாள். கம்பெனியில் ஷிப்மென்ட் நேரம். எலியாஸுக்குக் கிடைத்தது நாலு நாள் லீவு. ரயிலில் போனால் போகவும் வரவுமே அது சரியாகிவிடும். கவுகாத்தி வரை விமானம், அங்கிருந்து கார், அதுதான் வழி.

அப்போதுதான் எலியாஸ் தான் வரவில்லை என்றார்.

முட்டி வலி என்றார். பிறகு, பஸ்ஸுக்கு மாற்று டிரைவர் இல்லை என்றார். இரண்டும் பொய் என்று அவர் மனைவி ஜெயபுஷ்பத்துக்குத் தெரியும். ஒருநாள் சாயங்காலம் அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு எலியாஸ் என்னிடம் உண்மையைச் சொன்னார். விமானத்தில் உட்கார இடம் போதாமல் ஒரு பெரிய மனிதரை இறக்கிவிடுகிற வீடியோவை யாரோ அவருக்கு அனுப்பியிருந்தார்கள். சுற்றிலும் எல்லாரும் போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தார்களாம்.

"எறங்குன்னு சொன்னா எறங்கிடுவேன் சார். அது ஒண்ணும் இல்ல. ஆனா பொண்ணு கல்யாணத்துக்குப் போறவன எறக்கி விட்டாங்கன்னு அவளுக்குத் தெரிஞ்சா? அந்த மூஞ்சியோட அவ சர்ச்சுக்குள்ள வரணுமா? அதுக்கு என் தம்பியே கையப் புடிச்சிக் கூட்டினு வரட்டும்."

ஜெயபுஷ்பம் இதை அப்படியே போனில் மகளிடம் சொல்லிவிட்டார். ஃபீபி போனை அப்பாவிடம் கொடுக்கச் சொன்னாள். ஸ்பீக்கரில் நானும் கேட்டேன்.

"அப்பா, நீ வர்லனா நான் தனியாவே நடந்து வந்துக்குறேன். சித்தப்பா கை எனக்கு வேணாம்."

அத்தோடு போனை வைத்துவிட்டாள். எலியாஸ் போனைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பொண்ணு ரெடி, மாப்ள ரெடி, சர்ச்சு ரெடி" என்றார் ஜெயபுஷ்பம். "அப்பனுக்கு மட்டும் சீட்டு சரியில்லயாம்."

மறுநாள் காலை என் வீட்டுக்கு வந்து, "டிக்கெட் போடுங்க சார். நீங்களும் வர்றீங்க" என்றார். டிக்கெட், போர்டு எல்லாம் படித்துச் சொல்ல ஓர் ஆள் வேண்டும் என்பது அவர் காரணம். நான் ஒல்லி என்பதும் ஒரு காரணமாக இருந்திருக்கலாம்.

சீட்டு தேர்ந்தெடுக்கும்போதுதான் ஒரு தப்பு நடந்தது. விமான சீட்டு ஏறக்குறைய பதினேழு அங்குல அகலம் என்று விசாரித்து வைத்திருந்தேன். நியாயமாகப் பார்த்தால் கம்பெனி பஸ்ஸில் ஓர் ஆளுக்குக் கிடைப்பது அதைவிடக் கம்மி. ஆனால் பஸ் சீட்டில் நடுவே கைப்பிடி கிடையாது. ஒருவருடைய மிச்சம் இன்னொருவருக்குப் போய்ச் சேரும். விமானத்தில் ஒவ்வொரு சீட்டுக்கும் வேலி.

"அப்போ கடைசி வரிச போடுங்க" என்றார் எலியாஸ்.

"ஏன்?"

"கடைசி வரிச எப்பவும் நீட்டு சீட்டு சார். ஆறு பேர் வரிசையா உக்கார்றது. நடுவுல ஒண்ணும் இருக்காது. எந்த வண்டியா இருந்தாலும் அப்படித்தான் கட்டுவாங்க."

அது எனக்கும் சரியாகவே பட்டது. நான் பார்த்த எல்லா பஸ்ஸிலும் அப்படித்தான். திரையில் நடுப்பகுதியில் மூன்று சீட்டுகள் சேர்ந்தே காலியாக இருந்தன. நான் அதைக் காட்டினேன். அவர் வேண்டாம் என்றார். கடைசி வரிசையில் நடைபாதை ஓரத்தில் ஒன்றே ஒன்றுதான் மீதம் இருந்தது. அதை அவருக்குப் போட்டேன். எனக்கும் ஜெயபுஷ்பத்துக்கும் அதற்கு முன் வரிசையில், நடைபாதைக்கு அந்தப் பக்கம் இரண்டு கிடைத்தன.

பயண நாளுக்கு முந்தின ராத்திரியிலிருந்து எலியாஸ் சாப்பிடவில்லை. வயிறு கொஞ்சம் கம்மியாகும் என்று நினைத்தார். சென்னை விமான நிலையத்தில் ஒவ்வொரு கவுண்டரிலும் யாராவது ஏதாவது சொல்லப்போகிறார்கள் என்று வியர்த்துக்கொண்டே நின்றார். யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு பெண், "விஷ் யூ எ ப்ளசண்ட் ஜர்னி" என்றாள். அதற்கும் என்னிடம் அர்த்தம் கேட்டுக்கொண்டார்.

உள்ளே ஏறினோம். நடைபாதையில் அவர் பக்கவாட்டில் நடக்க வேண்டியிருந்தது. கடைசி வரிசைக்கு வந்து நின்றார். அங்கே நீட்டு சீட்டு இல்லை. மூன்று மூன்றாக அதே சீட்டுகள், அதே கைப்பிடிகள். பின்னால் கக்கூஸ் சுவர். மற்ற சீட்டுகள் கொஞ்சமாவது பின்னால் சாயும், இது அதுவும் சாயாது. எலியாஸ் என்னைத் திரும்பிப் பார்த்தார். இத்தனை வருஷத்தில் அவர் வழி தவறி நின்று நான் பார்த்தது அன்றுதான்.

ஜன்னலோரம் ஒருவர் அப்போதே தூங்கிக்கொண்டிருந்தார். நடுவில் ஒரு மெலிந்த பெண், தலையில் முக்காடு, மடியில் பை. எலியாஸ் கைப்பிடிகளைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இறங்கி உட்கார்ந்தார். ஏழாம் நம்பர் ஷூவுக்குள் பத்தாம் நம்பர் கால் அச்சுக் கட்டையை ஏற்றியது போல இருந்தது. உட்கார்ந்துவிட்டார். ஆனால் அவர் தோளும் மேல்கையும் அந்தப் பெண்ணின் பக்கம் போய்விட்டன. அவள் ஜன்னல் பக்கம் ஒதுங்கினாள். அவர் நடைபாதைப் பக்கம் ஒதுங்கினார். போகிற வருகிறவர்கள் எல்லாரும் அவரை இடித்துக்கொண்டு போனார்கள்.

பிறகு பெல்ட். இரண்டு முனைகளையும் எடுத்தார். அவை சேரவில்லை. மூச்சை இழுத்துப் பார்த்தார். ஒரு சாண் இடைவெளி இருந்தது. சட்டையை வெளியே இழுத்து முனைகளை மூடிக்கொண்டு, கையைக் கட்டி, நேராகப் பார்த்து உட்கார்ந்தார்.

அந்தப் பெண் இதைப் பார்த்தாள். தலைக்கு மேல் கையை நீட்டி ஒரு பட்டனை அழுத்தினாள். மணி அடித்து விளக்கு எரிந்தது.

ஜெயபுஷ்பம் என் மணிக்கட்டைப் பிடித்தார். "சார், கம்ப்ளெயின்ட் பண்றா."

பணிப்பெண் வந்தாள். அந்தப் பெண் மெல்லிய குரலில் இங்கிலீஷில் ஏதோ சொன்னாள். பணிப்பெண் எலியாஸை ஒரு முறை பார்த்துவிட்டு, தலையாட்டிவிட்டு முன்பக்கம் போனாள். என் காதுக்கு ஒரு வார்த்தையும் எட்டவில்லை. கதவு இன்னும் திறந்தே இருந்தது. எலியாஸ் என் பக்கம் திரும்பவில்லை. காலடியில் இருந்த பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கைப்பிடியில் கையை ஊன்றி எழுந்திருக்கப் பார்த்தார்.

"நானே எறங்கிடறேம்மா" என்றார் அந்தப் பெண்ணிடம், தமிழ் புரியுமா என்றுகூட யோசிக்காமல். "உனக்கு எதுக்கு பேஜார்."

"எங்க எறங்குறீங்க அங்கிள்?" என்றாள் அவள், சுத்தமான நம் ஊர்த் தமிழில். "பெல்ட்டு கேட்டிருக்கேன். உக்காருங்க."

"இன்னா பெல்ட்டு?"

"எக்ஸ்ட்ரா பெல்ட்டு. அவங்ககிட்ட இருக்கும். எங்க மாமாவுக்கு எப்பவும் வாங்குவோம். அவர் உங்கள விட ஜாஸ்தி."

பணிப்பெண் திரும்பி வந்தாள். கையில் சுருட்டிய ஒரு சின்ன பெல்ட் துண்டு. குனிந்து, இரண்டு முனைகளிலும் மாட்டிக் காட்டினாள். டக் டக் என்று இரண்டு சத்தம். புன்னகைத்துவிட்டு அடுத்த வேலைக்குப் போனாள். ஒருவரும் போனைத் தூக்கவில்லை. ஒருவரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

ஜெயபுஷ்பம் என் மணிக்கட்டை விட்டார். அவர் பிடித்திருந்த இடம் சிவந்திருந்தது. "ஸ்தோத்திரம்" என்றார். உடனே எட்டிப் பார்த்து, "இதுக்கா நேத்துலருந்து பட்டினி கெடந்த?" என்றார் புருஷனிடம்.

அந்தப் பெண்ணின் பெயர் புஷ்ரா. சொந்த ஊர் ஆம்பூர், கவுகாத்தியில் படிப்பு. விமானம் மேலே போய் பெல்ட் விளக்கு அணைந்ததும் இருவருக்கும் நடுவில் இருந்த கைப்பிடியை அவளே மேலே தூக்கிவிட்டாள். அது தூக்குகிற கைப்பிடி என்பது எங்கள் மூவருக்கும் அதுவரை தெரியாது. எலியாஸ் நீளமாக மூச்சு விட்டார்.

"இடிக்குதாம்மா? நெஜத்த சொல்லு."

"இடிக்குது அங்கிள்" என்றாள் அவள். "தோள்ல. மூணு மணி நேரம் இப்படியேன்னா கஷ்டம்தான்."

அதைக் கேட்டு எலியாஸ் முகம் வாடும் என்று நினைத்தேன். வாடவில்லை. அன்று முழுக்க அவரிடம் யாரும் உண்மையைச் சொல்லாமல் இருந்ததுதான் அவருக்குப் பாரமாக இருந்தது போலும். பஸ் கண்ணாடியில் பார்க்கிற அந்தப் பார்வை அவருக்குத் திரும்பி வந்தது.

"சரி, நான் சொல்றபடி செய். நீ முன்னால தள்ளி உக்காரு, முன் சீட்டுல மடக்கி வெச்சிருக்குற பலகைய எறக்கி அதுல கைய வெச்சிக்கோ. நான் பின்னால சாஞ்சிக்கிறேன். தோளு தோள இடிக்காது பாரு. கொஞ்ச நேரம் கழிச்சி நீ சாஞ்சிக்கோ, நான் முன்னால வர்றேன்."

"இது எங்க கத்துக்கினீங்க?"

"கத்துக்கலம்மா. கத்துக் குடுத்தது. தெனம் அறுபது பேருக்கு."

அவர்கள் அப்படியே போனார்கள். அவள் முன்னால் சாய்ந்து புத்தகம் படித்தாள். பிறகு அவள் பின்னால் சாய்ந்து தூங்கினாள், எலியாஸ் முன் சீட்டின் முதுகில் நெற்றியை முட்டுக்கொடுத்து உட்கார்ந்திருந்தார். உணவு வண்டி வந்தபோது ஜெயபுஷ்பம் அவருக்கு இரண்டு சாண்ட்விச் வாங்கி அனுப்பினார். ஒன்றை அவர் புஷ்ராவுக்குக் கொடுத்தார். விமானம் தரையிறங்கும்போது கைப்பிடியை மறுபடி கீழே விட வேண்டும் என்றார்கள். விட்டார்கள். அதற்குள் இருவருக்கும் அதில் எப்படி அடங்குவது என்று தெரிந்துபோயிருந்தது.

ஷில்லாங் சர்ச் சின்னது. இரண்டு பக்கமும் பெஞ்சுகள் நெருக்கிப் போட்டிருந்தன. வாசலில் எலியாஸும் ஃபீபியும் கை கோத்து நின்றபோது, அவரையும் அவள் கவுனையும் சேர்த்து அந்த வழி கொள்ளாது என்பது எல்லாருக்கும் தெரிந்தது. வாத்தியம் வாசிக்க ஆரம்பித்துவிட்டார்கள். ஃபீபி அப்பாவை நிமிர்ந்து பார்த்தாள்.

"நீ முன்ன" என்றார் எலியாஸ்.

அவள் ஓர் அடி முன்னால், அவர் ஓர் அடி பின்னால். அவள் கை அவர் கைக்குள்ளேதான் இருந்தது. ஒரு பெஞ்சையும் இடிக்காமல் போய்ச் சேர்ந்தார்கள். ஜெயபுஷ்பம் அழுதார். எனக்குக் கண்ணாடியைத் துடைக்க வேண்டியிருந்தது.

திரும்பி வரும்போது நடுவரிசையில் மூன்று சீட்டு சேர்த்துப் போட்டேன். நான் நடுவில். எலியாஸ் மறுப்புச் சொல்லவில்லை. விமான வாசலில் கைகூப்பி நின்ற பணிப்பெண் வாயைத் திறப்பதற்குள் இவரே, டீக்கடையில் சர்க்கரை கம்மியாகக் கேட்பது போல, "அம்மா, அந்த நீட்டு பெல்ட்டு ஒண்ணு" என்றார்.